கட்டளை வரியில் கேட்போம், பதிவேட்டில் எழுதுவோம்

நம் மாநிலத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வழங்கப்பட்டுள்ளன. தொடக்கப் பள்ளிகளுக்கும் திறன்மிகு வகுப்பறைகள் வந்துவிட்டன. எமிஸ் பதிவு, மணற்கேணி காணொலி, மாணவர் மதிப்பீடு என நம் அன்றாடப் பணிகள் பலவும் இணையத்தை நம்பியே நடக்கின்றன. ஆய்வகத்தின் மூலையில் சுவரில் மாட்டியிருக்கும் இரும்புப் பெட்டிக்குள் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று கருவிகள்தான் இவ்வளவுக்கும் வழி. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே.

"நெட் வரலை சார்" என்று மாணவர் வந்து நின்றால், நாம் செய்வது பெரும்பாலும் இரண்டு காரியங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போடுவோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். ஆள் வருவதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதற்குள் ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய ஆய்வகப் பாடவேளையை இழந்துவிடும். வீட்டில் கணினி உள்ள பிள்ளைக்கு இது பெரிய இழப்பு இல்லை. நான் பணிபுரியும் மதுரை மாவட்டக் கிராமப் பள்ளியில் பல பிள்ளைகளுக்கு விசைப்பலகையைத் தொடக் கிடைப்பதே அந்த ஒரு பாடவேளைதான்.

எல்லா ஆசிரியர்களும் வலையமைப்புப் பொறியாளர் ஆக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பெட்டிக்குள் இருக்கும் கருவி, நாம் கேட்டால் பதில் சொல்லக்கூடியது. கேட்பதற்குரிய மொழி கட்டளை வரி. கேட்கக் கற்றுக்கொண்டு, கிடைத்த பதிலை எழுதி வைக்கவும் பழகினால், வலையமைப்பு எப்போதோ வந்துபோகும் ஒருவரின் தலைக்குள் இல்லாமல் பள்ளியின் கையில் இருக்கும். இந்தக் கட்டுரை அதற்கான வழியைப் பேசுகிறது. நான் கணினி ஆசிரியர் என்றாலும், இதில் முதல் பாதி எந்தப் பாட ஆசிரியரும் செய்யக்கூடியதே.

பெட்டிக்குள் இருப்பவை

பெட்டிக்குள் பொதுவாக மூன்று கருவிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழை இணைப்பை ஏற்று, கணினிக்கு ஏற்ற மின்குறியாக மாற்றித் தருவது மோடம். பள்ளிக்குள் இருக்கும் கணினிகளுக்கும் வெளி உலகுக்கும் இடையே வழி காட்டுவது ரவுட்டர். ஆய்வகக் கணினிகள் அனைத்தையும் ஒன்றாக இணைப்பது சுவிட்ச். சில இடங்களில் முதல் இரண்டும் ஒரே கருவிக்குள் இருக்கும்.

ரவுட்டரின் வேலையை மதுரைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்குப் பேருந்து நிலையங்களே கைகொடுக்கின்றன. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் போக வேண்டுமானால் ஆரப்பாளையம். திருச்சி, சென்னை, திருநெல்வேலி போக வேண்டுமானால் மாட்டுத்தாவணி. எந்த ஊருக்கு எந்த நிலையம் என்ற பட்டியல் நம் மனத்தில் இருக்கிறது அல்லவா? ரவுட்டருக்குள்ளும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பள்ளி ரவுட்டரின் பட்டியல் மிகச் சிறியது: "இந்தப் பள்ளிக்குள் என்றால் இந்தப் பக்கம், மற்ற எந்த ஊர் என்றாலும் அந்தப் பக்கம்." சுவிட்சோ ஊருக்குள்ளேயே தெருத்தெருவாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரர் மாதிரி. எந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஊரைத் தாண்டிப் போகும் வேலை அதற்கு இல்லை.

சுவிட்சில் இரண்டு வகை உண்டு. கேபிளைச் செருகினால் வேலை செய்யும், வேறெதுவும் கேட்க முடியாது என்பது ஒரு வகை. நாம் உள்நுழைந்து நிலையை அறியவும் அமைப்பை மாற்றவும் முடியும் என்பது மற்றொரு வகை. இதை மேலாண்மை சுவிட்ச் என்போம். அதன் முகப்பிலோ பின்புறத்திலோ மற்றவற்றிலிருந்து தனித்து ‘கன்சோல்’ என்று எழுதிய ஒரு துளை இருக்கும். கருவியுடன் நேரடியாகப் பேசுவதற்கான வாசல் அது.

மேலூரும் தேனியும் சொல்லும் பாடம்

கிராமத்துக்கு இணையம் கொண்டுவரும் முயற்சி நம் வட்டாரத்துக்குப் புதிது அல்ல. 2001-இல் மேலூர் வட்டாரத்தில் ‘சாரி’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட திட்டம் தொடங்கியது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே. அந்த வேகத்திலும் சான்றிதழ் விண்ணப்பங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போயின. கண் நோய் குறித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கேள்விகள் போயின. ஆனால் சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டுவிட்டன. போதிய வருமானம் இல்லாதது அதற்கு முக்கியக் காரணம் எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. ஒரு கருவியை ஊருக்குக் கொண்டுவந்து வைப்பது ஒரு வேலை, அதை ஊரில் நிலைக்கச் செய்வது வேறொரு வேலை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அந்த இரண்டாவது வேலையைக் கூர்ந்து கவனித்த முயற்சி, மதுரைக்கு மேற்கே தேனியில் நடந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை தன் தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். மருத்துவர் தேனியிலிருந்தே காணொலி வழியாக நோயாளியைப் பார்ப்பார். இதற்கான இணைப்பை அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்தார்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் அதே வைஃபை தொழில்நுட்பத்தை, கோபுரத்தில் கட்டிய திசை ஆண்டெனாக்கள் மூலம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டச் செய்தார்கள். 2008-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, மாதம் சுமார் 3,000 நோயாளிகள் இந்த வலையமைப்பின் வழியாக மருத்துவரைப் பார்த்தனர்.

அந்தக் கட்டுரை வேகத்தைப் பற்றிப் பெருமை பேசவில்லை. இணைப்பு ஏன் அறுந்தது, யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையே அது விரிவாக எழுதியது. முதல் எதிரி மின்சாரம். திடீர் மின்தடையாலும் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தாலும் ரவுட்டர்கள் பழுதாயின. அவற்றின் நினைவக அட்டையில் இருந்த மென்பொருள் சிதைந்தது. இரண்டாவது சிக்கல், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. இணைப்பு அறுந்துவிட்டால் தொலைவில் இருக்கும் நிபுணர் உள்நுழைந்து பார்க்கவும் வழியில்லை. அருகில் இருப்பவருக்கோ எதைப் பார்ப்பது என்று தெரியாது.

அவர்கள் கண்ட தீர்வுகள் எளியவை. மின்னழுத்தம் மிகக் குறைந்தால் கருவியைத் துண்டித்துக் காக்கும் சிறு மின்சுற்று. மென்பொருளைப் படிக்க மட்டுமே முடியும்படி, அழிந்துபோகாதபடி வைப்பது. கருவி செயலற்று நின்றால் தானே மீண்டும் தொடங்கும் ஏற்பாடு. ஒவ்வொரு ரவுட்டரும் தன் நிலையைத் தானாகவே மைய சர்வருக்கு அனுப்புவது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்ப் பணியாளருக்குப் பயிற்சி. பராமரிப்புப் பொறுப்பு படிப்படியாக அவர்கள் கைக்கு வந்தது. நம் பள்ளி ஆய்வகத்தில் நிலைமை இதிலிருந்து வேறுபட்டதா என்று யோசித்துப் பாருங்கள். கோடை மழையில் வெட்டும் மின்னலும், அடிக்கடி போய்வரும் மின்சாரமும், நகரத்தில் இருக்கும் தொழில்நுட்பரும் நமக்கும் உண்டு.

கருவியைத் தொடாமல் நான்கு கேள்விகள்

முதலில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மாணவர் அமரும் ஏதாவது ஒரு கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.

ஒன்று: எனக்கு முகவரி இருக்கிறதா? விண்டோஸ் கணினியில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டினால் அந்தக் கணினியின் ஐபி முகவரியும், ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற நுழைவாயில் முகவரியும் தெரியும். லினக்ஸ் என்றால் ‘ஐபி ஏ’ என்பது முகவரியைக் காட்டும். ‘ஐபி ரூட்’ என்பது நுழைவாயிலைக் காட்டும். முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் சரி. 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க வேண்டிய கருவி பதில் சொல்லவில்லை, கணினி தனக்குத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

இரண்டு: நுழைவாயில் வரை போக முடிகிறதா? ‘பிங்’ என்று தட்டி, இடம் விட்டு, மேலே கண்ட நுழைவாயில் முகவரியைக் கொடுங்கள். பதில் வந்தால் கணினி, கேபிள், சுவிட்ச், ரவுட்டர் நான்கும் உயிரோடு இருக்கின்றன.

மூன்று: பள்ளிக்கு வெளியே போக முடிகிறதா? ‘பிங் 8.8.8.8’. இரண்டாம் கேள்விக்குப் பதில் வந்து மூன்றாவதற்கு வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளி இணைப்பில் இருக்கிறது. ஆய்வகத்தில் எந்தக் கேபிளையும் பிடுங்க வேண்டியதில்லை.

நான்கு: பெயர் எண்ணாக மாறுகிறதா? ‘என்எஸ்லுக்கப்’ என்று தட்டி ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். எண் வந்தால் டிஎன்எஸ் வேலை செய்கிறது. மூன்றாவதற்குப் பதில் வந்து இதற்கு வரவில்லை என்றால், சாலை திறந்திருக்கிறது, வழி சொல்பவர் மட்டும் இல்லை என்று பொருள்.

சில வலையமைப்புகளில் பாதுகாப்புக்காக ‘பிங்’ தடுக்கப்பட்டிருக்கும். ஆகவே எல்லாம் நன்றாக இயங்கும் ஒரு நாளில் இந்த நான்கையும் செய்து, கிடைத்த விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது வெப்பநிலை எவ்வளவு என்று தெரிந்தால்தானே காய்ச்சல் எது என்று சொல்ல முடியும்?

இந்தப் பயிற்சியின் பலன் புகார் சொல்லும்போது தெரியும். "நெட் வரலை" என்ற புகாருக்கு "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே பதிலாக வரும். "இன்று காலை 10.20 முதல், முகவரி கிடைக்கிறது, நுழைவாயில் பதில் தருகிறது, 8.8.8.8 பதில் தரவில்லை" என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் அடுத்த கேள்வியைத் தன் பக்கம் கேட்டாக வேண்டும்.

‘பிங்’ பற்றி மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. இந்த நிரலை மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983 டிசம்பரில் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தை அறிகின்றன. அந்த ஒலியின் பெயரே நிரலுக்கும் வந்தது. எட்டாம் வகுப்பில் ஒலி நடத்தும் அறிவியல் ஆசிரியர் இதைத் தம் பாடத்திலும் சொல்லலாம்.

சுவிட்சுடன் நேரே பேசுதல்

இனி வருவது கணினி ஆசிரியர்களுக்கும் ஆர்வமுள்ள மற்றவர்களுக்கும் உரியது. முதலில் ஒரு விதி. ஆய்வகக் கருவிகள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தால், தலைமையாசிரியர் அனுமதியும் பராமரிப்பு நிறுவனத்தின் ஒப்புதலும் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. பழகிப் பார்க்கப் பயன்பாட்டில் இல்லாத பழைய சுவிட்ச் ஒன்று போதும். அதுவும் இல்லை என்றால் ‘சிஸ்கோ பாக்கெட் டிரேசர்’ என்ற பாவனை மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதில் எதைக் கெடுத்தாலும் நட்டமில்லை.

கன்சோல் கேபிளின் ஒரு முனையைச் சுவிட்சின் கன்சோல் துளையிலும், யுஎஸ்பி முனையைக் கணினியிலும் செருகுங்கள். ‘புட்டி’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ‘சீரியல்’ என்பதைத் தேர்ந்து, வேகத்தை 9600 என வையுங்கள். சில நிறுவனக் கருவிகளுக்கு 115200 என்று இருக்கும். எழுத்துகள் கோணல்மாணலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அறியலாம். என்டர் விசையைத் தட்டியதும் கருவியின் பெயரும் அதன் பக்கத்தில் ஒரு குறியும் தோன்றும்.

அந்தக் குறியைக் கவனிப்பது முக்கியம். சிஸ்கோ வகைக் கருவிகளில் > என்றால் நீங்கள் திண்ணையில் நிற்கிறீர்கள்; சிலவற்றை மட்டும் பார்க்கலாம். ‘எனேபிள்’ என்று தட்டிக் கடவுச்சொல் கொடுத்தால் # என மாறும். வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள், எல்லாவற்றையும் பார்க்கலாம். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று தட்டினால் # குறிக்கு முன்னே அடைப்புக்குறிக்குள் ‘கான்ஃபிக்’ என்று தோன்றும். இப்போது சமையலறையில் இருக்கிறீர்கள். தட்டுவது உடனே நடைமுறைக்கு வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் மாறினாலும், பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு என்ற பிரிவு பெரும்பாலும் எங்கும் உண்டு. எந்த இடத்திலும் கேள்விக்குறியைத் தட்டினால் அங்கே என்ன கட்டளைகள் செல்லும் என்ற பட்டியல் வரும். கட்டளை வரியில் எனக்குக் கிடைத்த சிறந்த ஆசிரியர் அந்தக் கேள்விக்குறிதான்.

‘ஷோ’ என்று தொடங்கும் கட்டளைகள் காட்டுமே தவிர எதையும் மாற்றா. அவற்றில் நான்கு நமக்குப் போதும்.

‘ஷோ வெர்ஷன்’ கருவியின் மாதிரியையும், அது எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து இயங்குகிறது என்பதையும் சொல்லும். யாரும் தொடாத சுவிட்ச் "20 நிமிடமாக இயங்குகிறேன்" என்றால், 20 நிமிடத்துக்கு முன் அதற்கு மின்சாரம் போயிருக்கலாம், அல்லது அது தானே மீண்டும் தொடங்கியிருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை யுபிஎஸ், பிளக், நிலத்தொடர்பு.

‘ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்’ ஒவ்வொரு துளையின் நிலையையும் வேகத்தையும் காட்டும். கணினியும் சுவிட்சும் நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு உரியவை, ஆனால் ஒரு துளையில் மட்டும் 100 என்று காட்டினால், அந்தக் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உள்ளன. 1,000 வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 வேகத்துக்கு இரண்டே போதும். ஒரு கம்பி அறுந்தாலோ முனை சரியாக அழுத்தப்படாவிட்டாலோ கருவி சத்தமில்லாமல் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். "இந்த ஒரு சிஸ்டம் மட்டும் ஸ்லோ சார்" என்ற புகாருக்குப் பல நேரம் விடை இங்கே இருக்கிறது.

‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ எந்தக் கணினி எந்தத் துளையில் இருக்கிறது என்று சொல்லும். ‘ஷோ லாகிங்’ கருவி தானே எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பு. எந்தத் துளை எப்போது அறுந்தது, எப்போது மீண்டது என்று அதில் இருக்கும். தேதி சரியாக வர, கருவியின் கடிகாரம் சரியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாற்றும்போது கவனம்

புதிய மேலாண்மை சுவிட்சை அமைக்கும்போது செய்ய வேண்டியவை சிலவே. கருவிக்கு ஒரு பெயர், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லுக்குப் பதில் புதிய கடவுச்சொல், மேலாண்மைக்கென ஓர் ஐபி முகவரி, நுழைவாயில் முகவரி, ஒவ்வொரு துளைக்கும் "மாணவர் கணினி 7", "தலைமையாசிரியர் அறை" என்பது போன்ற குறிப்பு. தொலைவிலிருந்து உள்நுழைய ‘டெல்நெட்’ வேண்டாம். அதில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் பயணிக்கும். ‘எஸ்எஸ்எச்’ என்பதையே பயன்படுத்துங்கள். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் 1995-இல் உருவாக்கியது அது.

இங்கே ஆசிரியர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் தட்டும் மாற்றங்கள் முதலில் ‘ரன்னிங் கான்ஃபிக்’ என்ற இடத்தில் இருக்கும். அது கரும்பலகை. மின்சாரம் போனால் துடைத்ததுபோல் போய்விடும். ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’ என்ற கட்டளை அதைப் பதிவேட்டில் ஏற்றும். எல்லாம் அமைத்துவிட்டு இந்த ஒரு வரியைத் தட்டாமல் எழுந்தால், அடுத்த மின்தடையோடு முழு உழைப்பும் வீணாகும்.

கன்சோல் கேபிள் இல்லாமல், வலையமைப்பின் வழியாக உள்நுழைந்து முகவரியை மாற்றுவது நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டுவது போன்றது. தவறான எண் ஒன்று போதும், வெளியே தள்ளப்படுவோம். சிஸ்கோ கருவிகளில் இதற்கு ஒரு காப்பு உண்டு. பழைய அமைப்பைச் சேமித்த நிலையில், மாற்றத்துக்கு முன் ‘ரீலோட் இன் 10’ என்று தட்டுங்கள். பத்து நிமிடத்தில் கருவி தானே மீண்டும் தொடங்கிப் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மாற்றம் சரியாக வந்தால் ‘ரீலோட் கேன்சல்’ என்று நிறுத்தி, பிறகு சேமிக்கலாம். யாரும் அருகில் இல்லாதபோதும் கருவி தானே மீண்டெழ வேண்டும் என்று தேனியில் யோசித்தது இதே கருத்தைத்தான்.

ஒரு கேபிளின் இரு முனைகள்

எங்கள் பள்ளியில் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்த பிறகு, கழற்றிய கேபிள்களை வேலையாட்களே மீண்டும் செருகிவிட்டுப் போனார்கள். மறுநாள் எந்தக் கணினியும் வேலை செய்யவில்லை. முதல் கேள்விக்கு 169.254, இரண்டாவதற்குப் பதிலே இல்லை. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல் மின்னின. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் இருவர் ஒவ்வொரு கேபிளாகக் கையால் தடவிக்கொண்டே போய், சாம்பல் நிறக் கேபிள் ஒன்றின் இரு முனைகளும் அதே சுவிட்சில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு முனையைக் கழற்றியதும் ஆய்வகம் உயிர்பெற்றது.

நடந்தது என்ன? "இந்த முகவரி யாருடையது?" என்பது போன்ற பொது அறிவிப்புகளை சுவிட்ச் எல்லாத் துளைகளிலும் அனுப்பும். வளையம் இருந்தால் அந்த அறிவிப்பு சுற்றிவந்து மீண்டும் நுழையும். மீண்டும் எல்லாத் துளைகளிலும் போகும். இதற்கு முடிவே கிடையாது. நொடிகளில் முழு வலையமைப்பும் அடைபட்டுவிடும். இதைத் தடுக்கும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்ற நெறிமுறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியாளர் உருவாக்கினார். மேலாண்மை சுவிட்சுகள் பெரும்பாலானவற்றில் இது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். வளையத்தைக் கண்டால் ஒரு துளையைத் தானே அடைத்துவிடும். ‘ஷோ ஸ்பேனிங்-ட்ரீ’ என்று கேட்டால் எந்தத் துளையை அடைத்தேன் என்றும் சொல்லும். எங்களிடம் அன்று இருந்தது பேசாத சுவிட்ச். அதனால் கையால் தடவ வேண்டியிருந்தது.

வலையமைப்புப் பதிவேடு

நமக்குப் பதிவேடு புதிதல்ல. வருகை, இருப்பு, வரவு செலவு என எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். இதற்கும் ஒன்று வைப்போம். நாற்பது பக்க நோட்டு போதும்.

முதல் பக்கத்தில் பெட்டிக்குள் இருக்கும் கருவிகளின் படம், மாதிரி, புகார் எண். இரண்டாம் பக்கத்தில் துளை எண்ணும் அதில் இணைந்த கணினியும். மூன்றாம் பக்கத்தில் நல்ல நாளில் கிடைத்த நான்கு விடைகள். அதன் பிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வரி: தேதி, நேரம், நான்கு கேள்விகளில் எது நின்றது, யார் என்ன செய்தார்கள், எப்போது சரியானது. மேலாண்மை சுவிட்ச் இருந்தால் ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ தரும் வரிகளை ஒரு கோப்பில் சேமித்து, கடவுச்சொல் வரிகளை நீக்கி, அச்செடுத்து ஒட்டிவிடுங்கள். கடவுச்சொற்கள் மூடிய உறையில் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும்.

கட்டளை வரியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. திரையில் சுட்டியால் சொடுக்கிச் செய்த அமைப்பு, செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கும். கட்டளை வரியில் செய்தது எழுத்து. எழுத்தைப் படிக்கலாம், சேமிக்கலாம், நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடலாம், மற்றொருவர் கையில் கொடுக்கலாம். மின்னலில் சுவிட்ச் எரிந்துபோய் அதே வகைப் புதியது வந்தால், அந்த வரிகளைப் பார்த்து அரை மணி நேரத்தில் பழையபடி அமைத்துவிடலாம்.

வகுப்பறையில்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு, டிஎன்எஸ், கேபிள் அமைத்தல் ஆகியவை தனித்தனிப் பாடங்களாக உள்ளன. மாணவர்கள் அவற்றை ஐந்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். நான்கு கேள்விகளை ஒருமுறை தாங்களே கேட்டுப் பார்த்த பிள்ளைக்கு நுழைவாயில், டிஎன்எஸ் என்பவை மனப்பாடச் சொற்களாக இருப்பதில்லை.

ஆறாம் வகுப்பு முதல் விளையாட்டாகவும் நடத்தலாம். பத்து மாணவர்களுக்கு எண் எழுதிய சீட்டு கொடுங்கள்; அவர்கள் கணினிகள். ஒருவர் நடுவில் நிற்கும் சுவிட்ச். ஒருவர் வாசலில் நிற்கும் ரவுட்டர். ஒருவர் கையில் பெயரும் எண்ணும் எழுதிய நோட்டு, அவர் டிஎன்எஸ். வாசலுக்கு வெளியே இருவர் இணையதளங்கள். கடிதங்கள் போய்வந்து பழகியதும், யாராவது ஒருவர் காதில் மட்டும் "நீ இனி பதில் சொல்லாதே" என்று சொல்லிவிடுங்கள். யார் பேசவில்லை என்பதை மற்றவர்கள் நான்கு கேள்விகளாலேயே கண்டுபிடிக்க வேண்டும். தொடக்க வகுப்பில் டிஎன்எஸ் இல்லாமல் முகவரிச் சீட்டோடு மட்டும் ஆடலாம்.

உயர் வகுப்பில் நான்கைந்து பேரை வலையமைப்புக் குழுவாக வைத்து, பதிவேட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும். கேள்விகள் அவர்களுடையதாக இருக்கட்டும். ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் என எங்கே போனாலும், கோளாறு என்றதும் பதறாமல் வரிசையாகக் கேட்கும் பழக்கம் அவர்களுடன் போகும்.

இந்த வாரம் ஒரு பாடவேளையை ஒதுக்கி, எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதுங்கள். அடுத்த வாரம் துளைகளுக்கு எண் ஒட்டுங்கள். ஆண்டுதோறும் கலந்தாய்வில் நாம் இடம் மாறுகிறோம். ஆய்வகத்தை நன்கு அறிந்த ஆசிரியர் போய்விட்டால், வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடு இந்த நாற்பது பக்க நோட்டையும் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் ஆய்வகப் பாடவேளை நம்முடன் இடம் மாறிப் போகாது.